படுக்கை வண்டியில் ஜப்பான்: வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானின் சொகுசு ரயில்கள், சுற்றுலா ரயில்கள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். கட்டணங்கள் யென்னில்.

டோக்கியோவிலிருந்து 'ஷிகிஷிமா'வில் ஏறி, இரவு தூங்கி, காலையில் ஹொக்கைடோவில் இறங்கிக்கொள்ள ஆசை. ஒரு வழிக்கு டிக்கெட் எவ்வளவு? – மதுரை

அப்படி ஒரு டிக்கெட் கிடையாது. ஷிகிஷிமா ஊருக்குப் போகிற வண்டி இல்லை. டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் புறப்பட்டு, சுற்றிவிட்டு, உவேனோவுக்கே திரும்பும். கப்பல் சுற்றுலாவைத் தண்டவாளத்தில் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை, சாப்பாடு, நடுவில் இறங்கிப் பார்க்கும் இடங்கள், வழிகாட்டி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். பாதியில் இறங்கினாலும் பணம் குறையாது.

இந்த வகையில் 3 வண்டிகள் உண்டு. முதலில் வந்தது, ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) குழும நிறுவனங்களில் ஒன்றான ஜேஆர் க்யூஷுவின் 'நனட்சுபோஷி', அதாவது ஏழு நட்சத்திரம். 2013 அக்டோபர் 15 அன்று ஹகாட்டாவிலிருந்து ஓடத் தொடங்கியது. க்யூஷு தீவில் 7 மாகாணங்கள், வண்டியில் 7 பெட்டிகள். தொடக்கத்தில் 14 அறைகளில் 30 பேர் வரை போனார்கள். 2022 அக்டோபரில் பெட்டிகளைத் திருத்தியபோது 10 அறை, 20 பேர் என்று குறைத்து, மிச்சமான இடத்தில் தேநீர் அறையும் கடையும் வைத்தார்கள். ஆளைக் குறைத்துக் கட்டணத்தை ஏற்றினார்கள் என்றும் சொல்லலாம். இப்போது 3 இரவுப் பயணத்துக்கு ஆளுக்கு 10 லட்சம் யென்னைத் தாண்டிவிடும்.

ஷிகிஷிமா ஜேஆர் ஈஸ்ட் வண்டி. 2017 மே 1-ல் தொடக்கம், 10 பெட்டி, 17 அறை, 34 பேர். தொடங்கிய காலத்திலேயே 3 இரவுப் பயணத்தில் இருவர் தங்கும் சூட் அறைக்கு ஆளுக்கு 7,50,000 யென். அதே ஆண்டு ஜூன் 17-ல் ஜேஆர் வெஸ்ட்டின் 'ட்வைலைட் எக்ஸ்பிரஸ் மிஸுகாஸே' வந்தது. 10 பெட்டி, 16 அறை. கியோட்டோ, ஒசாகா பக்கமிருந்து ஷிமோனோசெகி வரை, கடலை ஒட்டிய சான்யோ, சான்இன் பாதைகளில் ஓடும். இந்த 3-ல் ஒரு வழிப் பயணம் விற்பது மிஸுகாஸே மட்டும்தான். அதுவும் சுற்றுலாவாகத்தான், வெறும் டிக்கெட்டாக இல்லை.

எது உசத்தி என்று கேட்டால், மரவேலையும் கைவினையும் பிடித்தவர்களுக்கு நனட்சுபோஷி. அறைகளில் உள்ள கைகழுவும் கிண்ணங்கள் 14-ம் சகாய்டா ககியேமோன் என்ற பீங்கான் கலைஞர் தம் கடைசிக் காலத்தில் செய்தவை. வண்டி ஓடத் தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பு அவர் காலமானார். வெளியே பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றால் மிஸுகாஸே. இரு முனைப் பெட்டிகளிலும் காற்று வாங்கிக்கொண்டு நிற்கத் திறந்த மேடை இருக்கிறது. ஷிகிஷிமாவின் பெருமை அதன் எந்திரத்தில். அதைப் பற்றிக் கீழே.

இந்தச் சொகுசு வண்டிகளுக்குக் குலுக்கல் என்கிறார்களே, எப்படி விண்ணப்பிப்பது? – கொழும்பு

பல மாதங்களுக்கான பயணங்களை மொத்தமாக அறிவித்து, குறிப்பிட்ட வாரங்களுக்குள் விண்ணப்பம் வாங்கி, இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்குவார்கள். முந்தி வந்தவருக்கு முன்னுரிமை இல்லை. எனவே முதல் நாளே விண்ணப்பித்தால் ஆகிவிடும் என்று அவசரப்படத் தேவையில்லை, கடைசி நாளைத் தவற விடாமல் இருந்தால் போதும். வாய்ப்பைக் கூட்ட இரண்டே வழி: வார நாட்களில் புறப்படும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது, குளிர்காலத்துக்கு விண்ணப்பிப்பது. செர்ரிப் பூக் காலத்தையும் இலை சிவக்கும் காலத்தையும் எல்லோரும் கேட்பார்கள். ரத்தாகும் இடங்கள் தனியாக மறுவிற்பனைக்கு வருவதும் உண்டு.

அறை கிடைத்தவர்கள் கவனிக்க வேண்டியது உடை. இரவு உணவுக்கு ஜீன்ஸ், செருப்பு எடுபடாது. பட்டுச் சேலை தாராளமாக எடுபடும்.

லட்சக்கணக்கில் கொடுக்க முடியாது. படுத்துக்கொண்டு போக சாதாரண ரயிலே ஜப்பானில் இல்லையா? – சென்னை

ஒன்றே ஒன்று இருக்கிறது. இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் உருப்படியாகப் பயன்படப் போகிற பதில் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம்.

பெயர் சன்ரைஸ். 1998 ஜூலை 10 முதல் ஓடுகிறது. டோக்கியோவில் இரவு 21:50-க்கு 14 பெட்டிகளோடு புறப்படும். காலை 6:27-க்கு ஒகாயாமா. அங்கே வண்டி இரண்டாகக் கழலும். முன்னால் உள்ள 1 முதல் 7 வரையான பெட்டிகள் 'சன்ரைஸ் செட்டோ'. அவை கடல் பாலத்தைத் தாண்டி ஷிகோகு தீவின் தகாமட்சுவுக்கு 7:27-க்குப் போய்ச் சேரும். 8 முதல் 14 வரை 'சன்ரைஸ் இஸுமோ'. மலைக்குள் புகுந்து மறுபக்கக் கடற்கரையில் இஸுமோஷிக்கு 9:58-க்குப் போகும். கழற்றுவதைப் பார்க்க 7, 8-ம் பெட்டிகளுக்கு நடுவே பிளாட்பாரத்தில் ஒரு கூட்டம் தினமும் நிற்கும். நீங்களும் நில்லுங்கள். ஆனால் செட்டோ 6:31-க்கும் இஸுமோ 6:34-க்கும் கிளம்பிவிடும் என்பதை மறந்துவிட வேண்டாம். மற்ற பாதியில் யாரையாவது பார்க்கப் போயிருந்தால் ஒகாயாமாவுக்கு முன்பே உங்கள் பெட்டிக்குத் திரும்பிவிடுங்கள்.

கட்டணம் மூன்று துண்டாக வரும்: அடிப்படைக் கட்டணம், எக்ஸ்பிரஸ் கட்டணம், படுக்கைக் கட்டணம். டோக்கியோ – இஸுமோஷி அடிப்படை சுமார் 12,000. எக்ஸ்பிரஸ் 3,300. படுக்கைக்கு அறையைப் பொறுத்து: 'சோலோ' 6,600, 'சிங்கிள்' 7,700, இருவர் படுக்கும் 'சன்ரைஸ் ட்வின்' ஆளுக்கு 7,700, 'சிங்கிள் டீலக்ஸ்' 13,980. எல்லாம் கதவுள்ள தனி அறைகள். நீங்களே நான்கு இலக்க எண் வைத்துப் பூட்டலாம். சோலோவுக்கும் சிங்கிளுக்கும் 1,100 யென்தான் வித்தியாசம். சோலோவில் உடை மாற்றுவதற்கே குனிந்து நெளிய வேண்டும். எனவே கிடைத்தால் சிங்கிளை எடுங்கள். கழிப்பறை எந்த அறையிலும் இல்லை. டீலக்ஸில்கூடக் கைகழுவும் தொட்டி மட்டுமே.

இதற்கும் கீழே ஒரு வகுப்பு உண்டு: 'நொபிநொபி'. கை காலை நீட்டிக்கொள்வது என்று பொருள். கம்பளம் விரித்த தளம், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. ஆளுக்கு ஒரு பாய் அளவு இடம், தலைப் பக்கம் மட்டும் சிறு தடுப்பு. மெல்லிய போர்வை தருவார்கள், தலையணை இல்லை. ஜப்பான் ரயில் கணக்குப்படி இது படுக்கை இல்லை, 'இருக்கை'. ஆகவே படுக்கைக் கட்டணம் கிடையாது, 530 யென் முன்பதிவுத் தொகையோடு முடிந்தது. ரயிலில் பெட்ஷீட் விரித்துத் தூங்கிப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கழுத்துக்கு ஏதாவது மடித்து வைக்க ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

இனி முன்பதிவு. பயணத் தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது காலை 6:30, சிங்கப்பூரில் 9 மணி. தட்கல் பார்த்தவர்களுக்கு அந்த முதல் நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். வார இறுதி என்றால் டீலக்ஸும் ட்வினும் உடனே போய்விடும். முந்தைய மாதத்தில் அந்தத் தேதியே இல்லை என்றால் (மே 31-க்கு ஏப்ரல் 31 ஏது?) பயண மாதத்தின் 1-ம் தேதி திறப்பார்கள். ஜேஆர் வெஸ்ட்டின் 'இ5489' இணையதளத்தில் ஜப்பானிய மொழிப் பக்கத்தில் வாங்கலாம். பணம் கட்டிய அதே கார்டைக் கையில் கொண்டுபோய்த்தான் நிலைய எந்திரத்தில் காகித டிக்கெட்டை எடுக்க வேண்டும். அப்பாவின் கார்டில் வாங்கிவிட்டுப் பிள்ளைகள் மட்டும் போய் நின்றால் அங்கேயே சிக்கல்.

கிடைக்கவில்லை என்றால் கைவிட வேண்டாம். ரத்துக் கட்டணம் பயணத்துக்கு 2 நாள் முன்பு வரை 340 யென், அதற்குப் பிறகு 30 சதவீதம். அதனால் யோசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அந்த 2-ம் நாளில்தான் ரத்து செய்வார்கள். அன்று மாலை மறுபடி பாருங்கள்.

ஒரு தேதிக் குழப்பம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. டோக்கியோ திரும்பும் சன்ரைஸ் ஒசாகாவில் நிற்பது நள்ளிரவு தாண்டி 0:34-க்கு. 10-ம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிலையத்துக்குப் போகிறீர்கள் என்றால், டிக்கெட்டில் இருக்க வேண்டிய தேதி 11. முன்பதிவு திறப்பதோ வண்டி கிளம்பிய 10-ம் தேதிக் கணக்கில். 10 என்று வாங்கியவர் போய் நிற்கும்போது அவர் வண்டி 24 மணி நேரம் முன்பே போயிருக்கும். டோக்கியோவிலிருந்து வரும்போது ஒசாகாவில் நிற்காது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அந்தப் பக்கத்தில் இறங்க ஹிமேஜி, காலை 5:25.

ஜேஆர் பாஸ் (வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ்) வாங்கிவிட்டோம். சன்ரைஸ் இலவசம்தானே? – சிங்கப்பூர்

நொபிநொபி மட்டும் இலவசம். பாஸைக் காட்டி டிக்கெட் கவுன்டரில் இடம் பதிந்துகொள்ள வேண்டும். தனி அறை என்றால் அடிப்படைக் கட்டணத்தை மட்டும் பாஸ் ஏற்கும். எக்ஸ்பிரஸ் 3,300-ம் படுக்கைக் கட்டணமும் கையிலிருந்து. சிங்கிள் அறை உங்களுக்கு 11,000 ஆகும். டோக்கியோவில் ஒரு ஹோட்டல் இரவு மிச்சம் என்று பார்த்தால் அது மோசமில்லை.

7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650-லிருந்து 50,000 ஆனது. சன்ரைஸுக்காக மட்டும் பாஸ் வாங்குவது நஷ்டம்.

சன்ரைஸில் குளிக்க முடியும் என்று சொன்னார்கள். சாப்பாடு என்ன கிடைக்கும்? – திருச்சி

சாப்பாடு ஒன்றும் கிடைக்காது. உணவுப் பெட்டி இல்லை, தள்ளுவண்டி இல்லை. பானம் விற்கும் எந்திரம் மட்டும். டோக்கியோ நிலையத்திலேயே இரவுச் சாப்பாடும் காலைக்கு ஏதாவதும் வாங்கி ஏறுங்கள். இஸுமோ போகிறவர்கள் 10 மணி வரை பசியோடு இருக்க வேண்டி வரும். ஒகாயாமா நிறுத்தத்தில் ஓடிப்போய் வாங்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

குளியலுக்கு 330 யென் கார்டு. 3-ம் பெட்டியிலும் 10-ம் பெட்டியிலும் எந்திரத்தில் விற்கும். கையில் சில்லறையும் 1,000 யென் தாளும் இருக்கட்டும். வண்டித் தொட்டியில் உள்ள தண்ணீருக்கு ஏற்பத்தான் கார்டு வைத்திருப்பார்கள். டோக்கியோவில் வண்டி நகர்வதற்கு முன்பே வரிசை நின்றுவிடும். ஏறியதும் பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக அங்கே போவதுதான் பழகியவர்கள் செய்வது. கார்டை வாங்கி வைத்துக்கொண்டால் காலையில்கூடக் குளிக்கலாம்.

ஒரு கார்டுக்கு 6 நிமிடம் சுடுநீர். கார்டைச் செருகியதும் மணி காட்டும் பலகையில் 6:00 என்று வரும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர், சிவப்பை அழுத்தினால் நிற்கும். நின்றிருக்கும்போது நேரமும் நிற்கும். ஆகவே நனைத்து, நிறுத்தி, சோப்பு போட்டு, மறுபடி திறந்தால் 6 நிமிடம் ஏராளம், தலைக்கே குளிக்கலாம். திறந்துவிட்டபடியே குளிப்பவர்கள்தான் தலையில் ஷாம்பு நுரையோடு மாட்டிக்கொள்வார்கள். சோப்பு, ஷாம்பு உள்ளே இருக்கும், துண்டு இருக்காது. வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கழுவும் பொத்தானை அழுத்துங்கள். அறை தன்னைத்தானே அலசிக்கொள்ளும். அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை அது. டீலக்ஸ் பயணிகளுக்குத் தனிக் குளியலறை, கார்டும் இலவசம்.

பெட்டி படுக்கை வைக்கத் தனி இடம் இல்லை. 28 அங்குலப் பெட்டி சோலோவில் நுழைந்தால் நீங்கள் நுழைய முடியாது. வண்டியின் பெரும்பாலான அறைகள் மாடியிலோ கீழ்த்தளத்திலோ இருப்பதால் குறுகலான படியும் உண்டு. பெரிய பெட்டிகளை 'தக்குஹைபின்' என்னும் கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.

புல்லட் ரயிலிலேயே படுக்கை போட்டால் என்ன? இருந்த நீல நிறப் படுக்கை வண்டிகளை ஏன் நிறுத்தினார்கள்? – யாழ்ப்பாணம்

நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஷின்கான்சென் ஓடாது. இரைச்சல் ஒரு காரணம், பாதைப் பராமரிப்பு இன்னொன்று. மணிக்கு 300 கி.மீ.யில் ஓடும் தண்டவாளத்தை ஒவ்வொரு இரவும் சரிபார்க்க அந்த 6 மணி நேரம் வேண்டும். ஆகவே இரவு வண்டி என்றால் பழைய பாதைதான். அதன் அகலம் 1,067 மி.மீ. நம் பழைய மீட்டர் கேஜைவிட 67 மி.மீ. மட்டுமே அதிகம். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜில் தெற்கே போன தலைமுறைக்கு அந்த ஆட்டம் நினைவிருக்கும். அதே அகலத்தில் 14 பெட்டி மாடி வண்டியை மணிக்கு 130 கி.மீ.யில் தூங்க விட்டுக் கொண்டுபோகிறார்கள் என்பதைத்தான் மெச்ச வேண்டும்.

நீல வண்டிகளின் காலம் 1958-ல் 'அசாகாஸே' டோக்கியோவிலிருந்து ஹகாட்டாவுக்கு '20 வரிசை' என்ற ரக நீலப் பெட்டிகளோடு ஓடியபோது தொடங்கியது. சுமார் 17 மணி நேரம். 1975-ல் ஹகாட்டா வரை ஷின்கான்சென் வந்தது. இன்று அதே தூரம் 5 மணி நேரம். இதற்கு மேல் மலிவு விமானமும் இரவுப் பேருந்தும் சேர்ந்துகொண்டால் படுக்கை வண்டி எங்கே நிற்கும்?

வடக்கே கதை வேறு. ஹொக்கைடோ போகும் 53.85 கி.மீ. செய்கான் கடலடிச் சுரங்கம் 1988-ல் திறந்தது. 'ஹொகுடோசெய்', 'ட்வைலைட் எக்ஸ்பிரஸ்', 1999 முதல் 'காஸியோப்பியா' என்று நல்ல கூட்டத்தோடு ஓடின. பெட்டிகள் கிழடாகிக்கொண்டிருந்தன என்பது உண்மை. ஆனால் முடிவு கட்டியது மின்சாரம். 2016 மார்ச் 26-ல் ஹொக்கைடோ ஷின்கான்சென் அதே சுரங்கத்துக்குள் வந்தபோது, மேலே ஓடும் கம்பியின் அழுத்தத்தை 20,000 வோல்ட்டிலிருந்து 25,000-க்கு மாற்றினார்கள். படுக்கை வண்டிகளை இழுத்த பழைய எஞ்சின்களுக்கு அது ஒத்துவராது. சரக்கு வண்டிக்கு மட்டும் புது எஞ்சின் வாங்கினார்கள். காஸியோப்பியா அதன் பிறகு சுற்றுலா வண்டியாக ஓடி, 2025 ஜூனில் ஓய்வு பெற்றது.

ஷிகிஷிமாவின் எந்திரம் என்று மேலே சொன்னது இதைத்தான். அது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்திலும், 20,000, 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்திலும் ஓடும். கம்பியே இல்லாத பாதையில் 1, 10-ம் பெட்டிகளில் உள்ள டீசல் ஜெனரேட்டர்கள் மின்சாரம் கொடுக்கும். அதனால்தான் உவேனோவிலிருந்து சுரங்கம் வழியாக ஹொக்கைடோவின் உள்ளே வரை எஞ்சின் மாற்றாமல் போக முடிகிறது. சைப்ரஸ் மரக் குளியல் தொட்டியைப் படம் பிடிப்பவர்கள் யாரும் இந்த ஜெனரேட்டரைப் படம் பிடிப்பதில்லை.

புதிதாக மலிவான இரவு வண்டி ஏதாவது வருகிறதா? – கோவை

வந்தது ஒன்று, வரப்போவது ஒன்று.

2020 செப்டம்பர் 11-ல் ஜேஆர் வெஸ்ட் 'வெஸ்ட் எக்ஸ்பிரஸ் கிங்கா'வை விட்டது. 1980-ல் ஓடத் தொடங்கிய 117 வரிசை நகர்ப்புற வண்டியின் 6 பெட்டிகளைப் பிரித்து மேய்ந்து அடர்நீலம் பூசியது. பருவத்துக்குப் பருவம் பாதை மாறும்: கியோட்டோவிலிருந்து இஸுமோ பக்கமோ, தெற்கே ஷிங்கூ பக்கமோ. நொபிநொபி போலக் கால் நீட்டிப் படுக்கும் 'குஷெட்டோ', குடும்ப அறை, முழுக்க ஒரு பெட்டி பொதுக்கூடம் என்று இருக்கும். போக வேண்டிய தேதியை முடிவு செய்துவிட்டு இந்த வண்டியைத் தேடாதீர்கள். இது ஓடும் தேதியைப் பார்த்துப் பயணத்தை அமையுங்கள். பெரும்பாலும் சுற்றுலாப் பொதியோடு சேர்த்தே விற்கிறார்கள்.

வரப்போவது ஜேஆர் ஈஸ்ட்டினுடையது. 2025 ஜூனில் அறிவித்தார்கள். ஜோபன் பாதையில் ஓடும் இ657 வரிசைப் பெட்டிகள் பத்தை மாற்றி, எல்லாமே கிரீன் வகுப்பு (முதல் வகுப்பு போன்றது) தனி அறைகளாக, 2027 வசந்தத்தில் விடுவதாகத் திட்டம். இருக்கையை மட்டமாக்கிப் படுத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், இதுவும் படுக்கை வண்டி என்ற பெயரில் இல்லை, 'இருக்கை' என்ற பெயரில். நொபிநொபியில் பார்த்த அதே கணக்கு.

சன்ரைஸ் எத்தனை நாள் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 7 பெட்டித் தொடர்கள் மொத்தம் 5. ஒவ்வொரு இரவும் மேற்கே 2, கிழக்கே 2 ஓடிக்கொண்டிருக்கும். மிச்சம் ஒன்றுதான் மாற்று. எல்லாவற்றுக்கும் வயது 25-க்கு மேல். ஆசைப்படுகிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். சுற்றுலா ரயில்களில் சாப்பாடு கிடைக்குமா? – கும்பகோணம்

சிரமம். இறைச்சியை ஒதுக்குவது எளிது, மீனை ஒதுக்குவதும் முடியும், 'தாஷி'யை ஒதுக்குவதுதான் கடினம். நமக்கு ரசத்தில் புளித்தண்ணீர் எப்படியோ, அவர்களுக்கு எல்லாவற்றிலும் தாஷி. காய்ந்த காட்சுவோ மீனைச் சீவி, கடற்பாசியோடு கொதிக்க வைத்து வடித்த நீர். கத்திரிக்காய்க் கூட்டு, டோஃபு, நூடுல்ஸ் சாறு, தொட்டுக்கொள்ளும் சாஸ் எல்லாவற்றிலும் இருக்கும். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் தட்டில் மீன் துண்டு இருக்காது, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது இது: "நிக்கு மோ சாகானா மோ, காட்சுவோ நோ தாஷி மோ தாபேமாசென்." இறைச்சி, மீன், காட்சுவோ தாஷி எதுவும் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம்.

3 சொகுசு வண்டிகளிலும் இதை விண்ணப்பிக்கும்போதே எழுதுங்கள். அடுக்களை சின்னது, பல வேளைச் சாப்பாடு அந்தந்த ஊர் உணவகங்களின் சமையல். ஏறிய பிறகு சொன்னால் வெறும் சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சும். பகல் சுற்றுலா வண்டிகளில் சாப்பாட்டோடு விற்கும் இருக்கைகளைத் தவிர்த்து, இருக்கை மட்டும் விற்கும் வண்டிகளை எடுங்கள். கையில் எடுத்துப்போக: உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை, வாழைப்பழம், ரொட்டி. உமேபோஷி (பிளம் ஊறுகாய்) வைத்த உருண்டை பாதுகாப்பு என்று பலரும் சொல்வார்கள், ஆனால் கடையில் விற்கும் சிலவற்றில் ஊறுகாய்க்குள்ளேயே காட்சுவோ இருக்கும். பொட்டலத்தைத் திருப்பி, கைபேசி மொழிபெயர்ப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள். இனாரி என்னும் டோஃபு பை சோறு பார்க்கச் சைவம், வேகவைத்தது தாஷியில்.

வயதான பெற்றோருடன் போகிறோம். பகலில் 2, 3 மணி நேரம் சொகுசாகப் போக எந்த வண்டி? – ஈரோடு

டோக்கியோவில் இருந்தால் தோபு நிறுவனத்தின் 'ஸ்பேசியா எக்ஸ்'. 2023 ஜூலை 15 முதல் அசாகுசாவிலிருந்து நிக்கோவுக்கு, 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டுக் குடும்பமாகப் போனால் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள 'காக்பிட் சூட்' நல்ல கணக்கு: 11 சதுர மீட்டர், 7 பேர் வரை. ஆளுக்கு டிக்கெட்டும் எக்ஸ்பிரஸ் 1,940-ம், அதற்கு மேல் அறைக்கு மொத்தமாக 12,180. இருவர் மட்டும் என்றால் ஆளுக்கு 6,090 கூடுதல், வீண். 7 பேர் என்றால் 1,740.

கான்சாய் பக்கம் கின்டெட்சுவின் 'அஓனியோஷி'. 2022 ஏப்ரல் 29 முதல் ஒசாகா நம்பா, நாரா, கியோட்டோ மூன்றையும் இணைக்கிறது. எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு மேல் 210 யென்தான். காசுக்கு இதைவிட நல்ல சுற்றுலா ரயில் ஜப்பானில் இல்லை என்பது எங்கள் கட்சி. வியாழன் ஓடாது.

இந்த இரண்டும் தனியார், ஜேஆர் பாஸ் செல்லாது. டோக்கியோவிலிருந்து ஷிமோடா போகும் 'சஃபீர் ஒடோரிகோ' ஜேஆர் வண்டிதான், ஆனால் முழுக்க கிரீன் வகுப்பு, இட்டோவுக்கு அப்பால் தனியார் பாதை. சாதாரண தேசிய பாஸோடு ஏறி ஷிமோடா வரை போனவர்கள் இரண்டு இடத்தில் பணம் கட்டுவார்கள்.

க்யூஷுவில் 2024 ஏப்ரல் 26-ல் வந்த 'கம்பாச்சி – இச்சிரோக்கு' அழகான வண்டி, நடுப்பெட்டியில் 8 மீட்டர் நீள தேவதாரு மேசை. பெயர் குழப்பும். ஒரே வண்டிதான். ஹகாட்டாவிலிருந்து பெப்பு போகும் திங்கள், புதன், சனியில் கம்பாச்சி. திரும்பும் செவ்வாய், வெள்ளி, ஞாயிறில் இச்சிரோக்கு. சுமார் 5 மணி நேரம் ஆகும். சாதாரண எக்ஸ்பிரஸ் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடும். பெற்றோரின் முதுகைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

புயல் வந்தால் பணம் என்ன ஆகும்? – மலேசியா, ஈப்போ

வண்டி ரத்தானால் சன்ரைஸ் டிக்கெட் பணம் முழுதும் வரும், ரத்துக் கட்டணம் பிடிக்க மாட்டார்கள். 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் எக்ஸ்பிரஸ் கட்டணம் திரும்பும். டிக்கெட்டை நிலையக் கதவில் போட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் புயலும் ஜனவரிப் பனியும் இஸுமோ பாதையை அடிக்கடி நிறுத்தும். எனவே சன்ரைஸில் டோக்கியோ வந்து அன்றே விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டாம். காலை 7:08 என்று அட்டவணையில் இருக்கும், ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

ஏற முடியாது, பார்க்கவாவது முடியுமா? – விருதுநகர்

ஷிகிஷிமாவை உவேனோவில் பார்க்கலாம். அதற்கென்று 13-க்கும் 14-க்கும் நடுவில் '13.5' என்று ஒரு பிளாட்பாரமே வைத்திருக்கிறார்கள். உள்ளே விடமாட்டார்கள், பக்கத்துப் பிளாட்பாரத்திலிருந்து தெரியும். பழைய வண்டிகளுக்கு அருங்காட்சியகம்: கியோட்டோ ரயில்வே அருங்காட்சியகத்தில் ட்வைலைட் எக்ஸ்பிரஸின் பெட்டிகளும் இழுத்த எஞ்சினும், சைதாமாவின் ஓமியாவில் 20 வரிசை நீலப் பெட்டியும் இருக்கின்றன. கியோட்டோவுக்குப் புதன் விடுமுறை, ஓமியாவுக்குச் செவ்வாய்.